பழைய பின்பால், ஆர்கேட் இயந்திரங்கள்: வாங்குவது, சீரமைப்பது, ஓட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்பால் என்பது சாய்ந்த பலகையின் மேல் எஃகுப் பந்தை ஓட விட்டுப் புள்ளி சேர்க்கும் இயந்திரம். அந்தப் பலகைதான் ஆடுகளம். ஆர்கேட் என்று இங்கே சொல்வது பொது இடங்களில் காசு போட்டு ஆடும் வீடியோ ஆட்டப் பெட்டிகளை. இந்த இயந்திரங்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றை விரிவாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓர் எண்ணம்தான் இருக்கிறது. இவை ஆடுவதற்காகச் செய்யப்பட்டவை, ஆடும் நிலையில்தான் இருக்க வேண்டும். அதற்குத் தேவையானதைத் தாண்டி எதையும் பிடுங்கி எறியக் கூடாது.

எலக்ட்ரோமெக்கானிக்கல், சாலிட் ஸ்டேட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பின்பாலைப் பொறுத்தவரை 1970களின் பின்பாதிதான் எல்லைக்கோடு. அதற்கு முன்பு வந்தவை எலக்ட்ரோமெக்கானிக்கல். உள்ளே கணினி எதுவும் கிடையாது. வரிசை வரிசையாக, மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சான ரிலே, புள்ளிகளைக் காட்டும் எண் சக்கரங்கள், ஒவ்வொரு படியாக நகர்ந்து கணக்கு வைத்துக்கொள்ளும் ஸ்டெப்பர், இவற்றை முறைப்படி இயக்க ஒரு சின்ன மோட்டார், கட்டுக்கட்டாகக் கம்பி. அவ்வளவுதான் மூளை. புள்ளி ஏறும்போது கேட்பது நிஜமான மணி.

1970களின் கடைசியில் பேலி, வில்லியம்ஸ், காட்லீப் ஆகிய மூன்று பின்பால் நிறுவனங்களும் மைக்ரோபிராசஸருக்கு, அதாவது சிப்பில் அடங்கிய கணினிக்கு, மாறின. அங்கிருந்து தொடங்குபவை சாலிட் ஸ்டேட். 1990களின் தொடக்கத்தில், ஒளிப் பொட்டுகளால் எழுத்தும் படமும் காட்டும் புள்ளி மேட்ரிக்ஸ் திரை வந்தது.

ஆர்கேட் வீடியோ ஆட்டங்களின் கதை 1971இல் வந்த கம்ப்யூட்டர் ஸ்பேஸிலிருந்து தொடங்குகிறது. அடுத்த வருடம் அட்டாரியின் பாங் வந்தது. பாங்கின் போர்டில், அதாவது மின்சுற்றுப் பலகையில், மைக்ரோபிராசஸரும் இல்லை, நிரலும் இல்லை. சாதாரண லாஜிக் சிப்களைக் கம்பியால் இணைத்தே பந்தையும் மட்டையையும் வரைந்தார்கள். 1978இல் டைட்டோவின் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் நாம்கோவின் பேக்-மேன் என்று வரும்போது எல்லாம் நிரலாகிவிட்டது. 1985இல் ஜாமா என்ற பொது இணைப்பு முறை வந்ததும், ஒரே பெட்டியில் போர்டை மட்டும் மாற்றி வேறு ஆட்டம் போட முடிந்தது. சேகரிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் ஆயிரக்கணக்கான பழைய பெட்டிகள் தங்கள் சொந்த ஆட்டத்தை இழந்ததற்கும் இப்படி ஆட்டம் மாற்றும் பழக்கம்தான் காரணம்.

முதன்முதலாக எதை வாங்கலாம்?

எந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடத் தோன்றுகிறதோ அதை. விலை ஏறும் என்று வாங்கிய இயந்திரம் பழுதாகும்போது அதைத் திறக்கவே மனம் வராது.

பிடித்ததில் இரண்டு மூன்று இருந்தால், உதிரிபாகம் எளிதாகக் கிடைப்பதைப் பாருங்கள். 1980களின் பிற்பாதி, 1990களில் வந்த வில்லியம்ஸ், பேலி பின்பால்கள் தொடக்கத்துக்கு நல்லவை. காசுக் கதவுக்குள் இருக்கும் பட்டன்களை அழுத்தினால் டெஸ்ட் மெனு வரும். எந்த சுவிட்ச் வேலை செய்யவில்லை என்பதை இயந்திரமே சொல்லும். 1992இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி 20,270 இயந்திரங்கள் விற்றது. அப்படிப் பெருமளவில் விற்றவற்றுக்கு இன்றும் புதிதாகப் பாகங்கள் செய்கிறார்கள். சில நூறு மட்டுமே வெளிவந்த அபூர்வ இயந்திரத்தில் உடைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பொறுமையும் கைவேலையில் ஆசையும் உள்ளவர்களுக்கு எலக்ட்ரோமெக்கானிக்கல் அருமையான பள்ளிக்கூடம். அதில் வரும் பழுது அநேகமாகக் கண்ணால் பார்க்கக்கூடியது. ஆஸ்டிராய்ட்ஸ், டெம்பஸ்ட் மாதிரி கோடுகளாலேயே படம் வரையும் வெக்டர் திரை ஆட்டங்களை இரண்டாவது, மூன்றாவது இயந்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரைகளைப் பழுது பார்ப்பது தனி வித்தை.

வாங்கப் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒரு நல்ல டார்ச் கொண்டு போங்கள். மேல்கண்ணாடியைக் கழற்றவோ ஆடுகளத்தைத் தூக்கிப் பார்க்கவோ விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

ஆடுகளத்தின் மேல்பக்கத்தில், பந்து அதிகம் ஓடும் இடங்களில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறதா? விளக்குக்கு மேல் பதித்த பிளாஸ்டிக் வில்லைகள் மரத்தோடு சமமாக இருக்கின்றனவா, தூக்கிக்கொண்டோ குழிந்தோ இருக்கின்றனவா? விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பிறகு ஆடுகளத்தைத் தூக்குங்கள். காயிலின் (கரன்ட் பாய்ந்தால் காந்தமாகி இழுக்கும் கம்பிச் சுருளின்) மேல் சுற்றிய காகிதம் பழுப்பேறியிருந்தால் அது ஒருமுறையாவது அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. நிறம் பொருந்தாத புதுக் கம்பி குறுக்கே ஓடினால், யாரோ அவசரத்துக்குச் செய்த ஒட்டு வேலை. பியூஸில் ஈயத்தாள் சுற்றியிருந்தால் மற்ற இடங்களிலும் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆடுகளத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியைத் திறந்து போர்டில் பேட்டரி இருக்கும் மூலையைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொருக்கு படிந்திருந்தால் விலையைப் பேசும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆர்கேட் பெட்டி என்றால் முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பல பெட்டிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. ஒருமுறை தண்ணீரில் நின்றாலும் உப்பிப் பொரிந்துவிடும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. திரையை அணைத்துவிட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தால், வருடக்கணக்கில் ஒரே படம் ஓடிய டியூபில் அந்த ஆட்டத்தின் நிழல் பதிந்திருப்பது தெரியும். பல பேக்-மேன் டியூப்களில் புதிர்ப்பாதை முழுதும் அப்படியே இருக்கும். பக்கவாட்டில் கனமாகப் பெயின்ட் அடித்திருந்தால் அடியில் பழைய ஓவியம் இருக்கலாம்.

“ஒரே ஒரு பியூஸ்தான் போயிருக்கு, போட்டா ஓடிடும்” என்று விற்பவர் சொல்வார். அவ்வளவு சுலபம் என்றால் அவரே போட்டுவிட்டுக் கூடுதல் விலைக்கு விற்றிருப்பார். ஓடாத இயந்திரத்துக்கு ஓடாத விலைதான். ஆனால் ஓடாத, எல்லாப் பாகமும் உள்ள இயந்திரத்தையும், ஓடுகிற, பாதி பாகம் இல்லாத இயந்திரத்தையும் எதிரெதிரே வைத்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

1980, 90களின் பின்பால் ஒன்று 110 முதல் 130 கிலோ வரை இருக்கும். தனியாளாகத் தூக்க நினைக்காதீர்கள். பந்துகளை எல்லாம் முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு பந்து 80 கிராம் எஃகு, சுமார் 27 மில்லிமீட்டர் குறுக்களவு. வண்டி குலுங்கும்போது அது உள்ளே உருண்டால், பந்து ஏறியோடும் சரிவுப் பாதையான ராம்ப்பும் பிளாஸ்டிக்கும் நொறுங்கும். பின்பெட்டி மடங்கும் வகையானால் நடுவில் கம்பளி வைத்து மடக்கி, பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மடங்காத பழைய வகையில் கனெக்டர்களைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படம் எடுத்து, துண்டுக் காகிதத்தில் எண் போட்டு ஒட்டுங்கள். கால்களைக் கடைசியாகக் கழற்றுங்கள்.

வந்ததும் பிளக் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. பல வருடம் தூங்கிய இயந்திரத்துக்கு நேராகக் கரன்ட் கொடுத்துத்தான் நிறைய போர்டுகள் போகின்றன.

முதலில் உங்கள் நாட்டு மின்சாரத்துக்கு அது அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிகாகோவில்தான் பெரும்பாலான பின்பால் தொழிற்சாலைகள் இருந்தன. அமெரிக்காவில் ஓடியவை 120 வோல்ட்டுக்கு அமைந்திருக்கும். 220 முதல் 240 வோல்ட் உள்ள நாடுகளில், டிரான்ஸ்பார்மரின் இணைப்பை மாற்ற வழி இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அடுத்து மின்கம்பி. பழையவற்றில் எர்த் இல்லாத இரட்டைக் கம்பியோ, எர்த் முள்ளை வெட்டிய பிளக்கோ இருக்கும். எர்த்துள்ள புதுக் கம்பி போட்டு, உலோகக் கதவு, கால்கள், ஓரச்சட்டம் எல்லாம் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். ஆடுகிறவரின் கையும் இடுப்பும் அந்த உலோகத்தில்தான் படுகிறது.

அப்புறம் பியூஸ்கள். ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, மேலே அச்சிட்ட அளவு சரியா, கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்பப் போடுங்கள். ஆடுகளத்தின் கீழே விழுந்து கிடக்கும் திருகாணிகளைப் பொறுக்கி எடுங்கள். சாலிட் ஸ்டேட் என்றால், மின்சப்ளையிலிருந்து மற்ற போர்டுகளுக்குப் போகும் கனெக்டர்களைப் பிரித்துவிட்டு, சப்ளையை மட்டும் உயிர்ப்பித்து வோல்ட்டை அளந்து பாருங்கள். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 5 வந்தால்தான் போர்டை இணைக்க வேண்டும்.

பேட்டரி கசிந்திருக்கிறது. போர்டு தேறுமா?

பெரும்பாலும் தேறும், சீக்கிரம் பார்த்தால். அந்தப் பேட்டரி உயர்ந்த புள்ளிகளையும் அமைப்புகளையும் நினைவில் வைத்துக்கொள்ளத்தான் இருக்கிறது. கசிவது காரம். செப்புக் கோடுகளுக்குள் ஊர்ந்து, சிப் சாக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். காரமும் அமிலமும் சேர்ந்து மெல்ல நுரைக்கும். பிறகு சுத்தமான தண்ணீர், கடைசியில் ஐசோபிரைல் ஆல்கஹால். நன்றாகக் காய விடுங்கள். பச்சை பிடித்த சாக்கெட்டை மாற்றிவிடுவதே நல்லது. கழுவிவிட்டோம் என்று விட்டால் கொஞ்ச நாளில் மறுபடி வரும்.

புதுப் பேட்டரியை அதே இடத்தில் போடாதீர்கள். கம்பி நீட்டி, போர்டுக்குக் கீழே எட்டத்தில் வையுங்கள். பேட்டரியே தேவைப்படாத நினைவுச் சிப்பும் கிடைக்கிறது, நான் பரிந்துரைப்பது அதைத்தான். 1970களின் கடைசி, 80களின் பேலி போர்டுகள் ரீசார்ஜ் ஆகும் பேட்டரிக்கானவை. அங்கே லித்தியம் பேட்டரி வைப்பதானால் சார்ஜ் கரன்ட் அதற்குள் போகாமல் தடுக்க ஒரு டையோடு அவசியம்.

எலக்ட்ரோமெக்கானிக்கல் இயந்திரம் ஆட்டத்தைத் தொடங்கவே மாட்டேன் என்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சுவிட்ச்களிலிருந்து. இந்த இயந்திரங்களில் நூற்றுக்கணக்கில் இலைச் சுவிட்ச்கள் இருக்கின்றன. இரண்டு மெல்லிய உலோகப் பட்டை, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டு. பொட்டுகள் தொட்டால் கரன்ட் ஓடும். பல வருட அழுக்கு ஏறினால் தொட்டும் ஓடாது.

இயந்திரத்தை பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு விசிட்டிங் கார்டை நறுக்கி, ஐசோபிரைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, பொட்டுகளுக்கு நடுவே செருகுங்கள். பட்டைகளை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு அட்டையை வெளியே இழுங்கள். அட்டையில் கரிக்கோடு விழும். கோடு விழாத வரை இழுக்க வேண்டும். அடுத்து, பொட்டுகள் திறந்திருக்கும்போது நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மூடும்போது முதல் பட்டை தொட்டதோடு நிற்காமல் இரண்டாவது பட்டையையும் ஒரு நூல் தள்ள வேண்டும். அந்த உரசல்தான் பொட்டைத் தானாகச் சுத்தம் செய்துகொள்கிறது. வளைப்பதானால் பட்டை கிளம்பும் அடியில் வளையுங்கள், நுனியில் வேண்டாம்.

அரம் போட்டு ராவலாமா என்று கேட்பார்கள். பந்தை அடிக்கும் துடுப்பான பிளிப்பர் போன்றவற்றின் பெரிய காயில்களை இயக்கும் டங்ஸ்டன் பொட்டுக்கு அரம் போடலாம். சாலிட் ஸ்டேட் இயந்திரத்தின் ஆடுகளச் சுவிட்ச்களில் இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு. அரமோ உப்புக்காகிதமோ பட்டால் பூச்சு போய்விடும். அங்கே அட்டை மட்டும்தான்.

ஸ்டெப்பர் நகராமல் ஒட்டிக்கொண்டால் பழைய கிரீஸ் பிசினாகிவிட்டது என்று அர்த்தம். கழற்றித் துடைத்து மாட்டுங்கள். டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். அது தூசியை இழுக்கும், எரியக்கூடியது, பக்கத்திலேயே பொறி பறக்கும் சுவிட்ச்கள் இருக்கின்றன.

பிளிப்பரில் பலமே இல்லை. காயிலை மாற்றினால் சரியாகுமா?

காயில் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போவது அதைச் சுற்றியுள்ளவை.

1947இல் காட்லீப்பின் ஹம்ப்டி டம்ப்டியில் முதன்முதலாக பிளிப்பர் வந்தது. அதுவரை பின்பால் என்றால் ஸ்பிரிங்கை இழுத்து விட்டு, இயந்திரத்தைத் தட்டிக் குலுக்கிப் பார்ப்பதுதான். பந்தைத் திருப்பி அடிக்கும் உரிமையை ஆடுகிறவருக்குக் கொடுத்தது அந்தச் சின்னத் துடுப்பு. அதனால்தான் மற்ற எதைப் பார்க்காவிட்டாலும் பிளிப்பரை முதலில் சரிசெய்யுங்கள் என்று சொல்கிறேன். பிளிப்பர் மந்தமான இயந்திரத்தில் ஆடி, “இந்த ஆட்டம் நல்லாவே இல்லை” என்று விற்றுவிட்டவர்கள் நிறைய.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று. ஒன்று தடித்த கம்பி, சுமார் 4 ஓம்தான், கரன்ட்டை அள்ளி இழுத்துத் துடுப்பை வீசும். இன்னொன்று மெல்லிய கம்பி, 100 ஓமுக்கு மேல், தூக்கிய துடுப்பைப் பிடித்து வைத்திருக்க மட்டும். துடுப்பு உச்சிக்குப் போகும் நொடியில் அங்கே இருக்கும் ஒரு சுவிட்ச் திறக்கும். திறந்ததும் மெல்லிய சுற்றும் பாதையில் சேர்ந்து கரன்ட் சட்டென்று குறையும். அந்தச் சுவிட்ச் கரிபிடித்திருந்தால் முதல் வீச்சே பலவீனமாக இருக்கும். திறக்காமலே மூடிக்கிடந்தால், பட்டனைப் பிடித்துக்கொண்டிருக்கும் சில நொடிகளில் காயில் புகையும். 1992க்குப் பிந்தைய வில்லியம்ஸ் இயந்திரங்களில் இதைப் போர்டே பார்த்துக்கொள்கிறது.

அடுத்து இயந்திரப் பகுதி. காயிலுக்குள் போய்வரும் இரும்புத் தண்டின் நுனி அடிபட்டு அடிபட்டுக் காளான் மாதிரி விரிந்திருக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உரசித் தேய்ந்திருக்கும். தண்டையும் அச்சையும் சேர்க்கும் இணைப்பில் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். இவை எல்லாம் சேர்ந்த ரீபில்ட் கிட் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கிறது. மொத்தமாக மாற்றுங்கள். குழாய்க்குள் எண்ணெய், கிரீஸ் எதுவும் போடக் கூடாது, உலர்ந்துதான் ஓட வேண்டும். துடுப்பின் அச்சை மேலும் கீழும் அசைத்தால் ஒரு நூல் ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அடியில் பிடிக்கும்.

இரண்டு பிளிப்பரையும் சேர்த்து அழுத்தினால் இயந்திரம் ரீசெட் ஆகிறது. ஏன்?

1990களின் வில்லியம்ஸ், பேலி இயந்திரங்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பிளிப்பர்கள் ஒரேயடியாகக் கரன்ட்டை இழுக்கும்போது 5 வோல்ட் பாதை ஒரு கணம் தாழ்கிறது. தாழ்ந்ததைக் கண்டதும் போர்டு தன்னையே அணைத்துத் திரும்பத் தொடங்குகிறது. நிரலில் கோளாறு இல்லை. ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிபையர், அதையடுத்து வோல்ட்டைச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர், சப்ளை கனெக்டர்களின் வெடித்த சாலிடர், இந்த மூன்றில்தான் பெரும்பாலும் முடியும். கனெக்டர் பின்னின் அடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மோதிரம் மாதிரி ஒரு மெல்லிய விரிசல் தெரியும்.

பியூஸ் அடிக்கடி போகிறது. கொஞ்சம் பெரியதாகப் போடலாமா?

ஒருநாளும் கூடாது. பியூஸ் போகாவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பது எரியும், இயந்திரம் மரப்பெட்டி. இயந்திரத்தை ஆன் செய்ததுமே ஒரு காயில் இழுத்துக்கொண்டு நின்றால் அதை இயக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது. உடனே அணையுங்கள். டிரான்சிஸ்டரை மாற்றும்போது காயிலின் காதுகளில் இருக்கும் டையோடையும் பாருங்கள். அது அறுந்திருந்தால் புது டிரான்சிஸ்டரும் அதே வழிக்குப் போகும்.

ஆடுகளத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

ஈரம் வேண்டாம். அடியில் இருப்பது பிளைவுட், பெயின்ட் விரிசலில் தண்ணீர் இறங்கினால் மேல்தோல் தூக்கும். பிளாஸ்டிக் பாலிஷை மெல்லிய துணியில் தொட்டு அழுக்கெடுத்து, கார்னோபா மெழுகு பூசித் தேய்த்து விடுங்கள். மெழுகு இருக்கும் வரை பந்து பெயின்ட்டை உரசுவதில்லை. மெலமைன் நுரைத் துண்டும் ஆல்கஹாலும் ஆழமான அழுக்கை எடுக்கும். ஆனால் அது அழுக்கோடு பெயின்ட்டையும் சுரண்டக்கூடிய பொருள், பழைய ஆடுகளங்களில் தொடவே வேண்டாம். ரப்பர் வளையங்களை எல்லாம் ஒரே தடவையில் மாற்றுங்கள். பந்துகளையும் மாற்றுங்கள். குழி விழுந்த பந்து உப்புக்காகிதம் செய்யும் வேலையைச் செய்யும். இயந்திரத்தின் மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று.

ஒழுங்காக ஓட சாய்வும் முக்கியம். சாலிட் ஸ்டேட்டுக்கு சுமார் 6.5 பாகை, எலக்ட்ரோமெக்கானிக்கலுக்கு அதைவிடக் குறைவு, 3.5 பக்கம். நீரளவு மட்டத்தைக் கண்ணாடியின் மேல் வைக்காமல் ஆடுகளத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

பின்பெட்டியின் முகப்பிலுள்ள பின்கண்ணாடியின் ஓவியம் உதிர்கிறது. துடைக்கலாமா?

பின்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். ஓவியம் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சிட்டது. உலர்ந்த துணி பட்டாலே செதிலாகக் கொட்டும். பின்னாலிருந்து கெட்டியான அக்ரிலிக் ஸ்பிரே அடித்து இருப்பதைக் காப்பாற்றுகிறார்கள். நல்ல நிலையிலுள்ள கண்ணாடிக்கு அதுவும் வேண்டாம். பின்பெட்டி பல்புகளின் சூட்டைக் குறைத்தாலே போதும். 44 எண் பல்புக்குப் பதில் 47 போட்டால் கரன்ட் 250 மில்லி ஆம்பியரிலிருந்து 150க்கு இறங்கும், சூடும் இறங்கும்.

எல்இடி போடலாமா?

போடலாம். சூடும் கரன்ட்டும் குறையும், கருகிய கனெக்டர்களுக்கு ஆறுதல். ஆனால் பளீரென்ற நீல வெள்ளையைப் பழைய ஓவியத்துக்குப் பின்னால் வைத்தால், மஞ்சள் பல்புக்காகக் கலந்த நிறங்கள் செத்துப்போகும். இளமஞ்சள் எல்இடி எடுங்கள்.

ஆர்கேட் திரையைத் திறந்து பழுது பார்க்க வேண்டும். ஆபத்தா?

ஆபத்துதான். கலர் பிக்சர் டியூபில் ரப்பர் மூடி போட்ட உயர் வோல்ட் முனையான ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தச் சார்ஜ் தங்கியிருக்கலாம். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, பிரேமோடு கம்பி இணைத்த ஸ்குருடிரைவரை அந்த ரப்பர் மூடிக்கு அடியில் செருகிச் சார்ஜை இறக்குவார்கள். இதை எழுத்தில் படித்துச் செய்ய வேண்டாம். முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். டியூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி, முழங்கை பட்டாலே ஒடியும். இன்னொன்று, பல ஆர்கேட் மானிட்டர்கள், வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில்லாமல் பிரித்துக் கொடுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் ஓட வேண்டும். அது இல்லாமல் நேரடியாக மின்சாரம் கொடுத்தால் சேசிஸ் (திரையின் மின்சுற்றும் அதைத் தாங்கும் உலோகச் சட்டமும்) முழுவதும் கரன்ட் ஏறி நிற்கும்.

படம் வளைவது, நெளிவது, மங்குவது பெரும்பாலும் உலர்ந்த கெப்பாசிட்டர்களால். மாடலுக்கு ஏற்ற கெப்பாசிட்டர் கிட் போட்டால் பல திரைகள் புதுசு மாதிரி எழுந்துவிடும்.

டியூபைத் தூக்கிவிட்டு எல்சிடி வைத்தால் என்ன?

டியூப் உண்மையிலேயே செத்திருந்தால், ஆட்டம் ஓட வேண்டுமே என்று வையுங்கள். பழைய டியூபும் சேசிஸும் வேறொருவருக்கு உயிர் கொடுக்கும், குப்பையில் போடாதீர்கள். இந்தப் பழைய ஆர்கேட் டியூப்களைப் புதிதாகச் செய்வது எப்போதோ நின்றுவிட்டது. இருக்கும் டியூப்தான் இருப்பு. ஓடுகிற டியூபை வசதிக்காக எடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஆட்டங்களின் ஓவியர்கள் புள்ளி புள்ளியாக வரைந்தது, டியூபின் ஒளிரும் உட்பூச்சான பாஸ்பரில் நிறங்கள் கசிந்து கலக்கும் என்பதை வைத்து. எல்சிடியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். வெக்டர் ஆட்டங்களில் இன்னும் மோசம். ஆஸ்டிராய்ட்ஸில் குண்டு பறக்கும்போது வரும் அந்தப் பொறி போன்ற ஒளியை எல்சிடி காட்டவே காட்டாது.

“தற்கொலை பேட்டரி” என்கிறார்களே?

சில போர்டுகளில் நிரலின் மறைகுறியீட்டைத் திறக்கும் சாவியே பேட்டரியால் காக்கப்படும் நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், ஆட்டம் செத்துப்போகும். ஆட்ட நிறுவனமான கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகள் பிரபலமான உதாரணம். இன்று சாவியைத் திரும்ப எழுதி உயிர்ப்பிக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட வைக்க 1997இல் தொடங்கிய மேம் திட்டத்தில் உழைத்தவர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆட்ட நிரல்களைப் படியெடுத்து ஆவணப்படுத்தியதால்தான் தரவு அழிந்த சிப்பை இன்று திரும்ப எழுத முடிகிறது. நிரலின் உரிமை இன்னும் நிறுவனங்களிடமே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக அடிக்கலாமா?

யோசித்துச் செய்யுங்கள். மங்கிய ஆனால் முழுதாக உள்ள மூல ஓவியத்தின் இடத்தை எந்தப் புது ஸ்டிக்கரும் பிடிக்காது. காசுக் கதவின் ஓரத்துக் கீறல், பட்டனைச் சுற்றித் தேய்ந்த வட்டம், இவை அந்த இயந்திரம் உழைத்த அடையாளம், விட்டுவிடலாம். பாதிக்கு மேல் போய்விட்டது, அல்லது மேலே வேறு ஆட்டத்தின் பெயின்ட் ஏறியிருக்கிறது என்றால் தாராளமாகப் புதுப்பிக்கலாம். ஆடுகளத்துக்கு இரு கலவை ஆட்டோ கிளியர்கோட் அடிக்கிறவர்கள், அதன் ஐசோசயனேட் ஆவி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், சரியான சுவாசக் கவசம் இல்லாமல் தொடக் கூடாது. துணி மாஸ்க் அதற்கு ஆகாது. கழற்றிய மூலப் பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்து வாங்குகிறவருக்கு உதவும்.

பின்பால் சூதாட்டமா? பொது இடத்தில் வைக்கச் சட்டத் தடை உண்டா?

ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தார்கள். நியூயார்க்கில் 1942இல் மேயர் பியரெல்லோ லாகார்டியா பின்பாலைத் தடை செய்து, பறிமுதல் செய்த இயந்திரங்களைச் சம்மட்டியால் தானே உடைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிளிப்பர் வருவதற்கு முந்தைய காலம் அது. பந்து எங்கே விழும் என்பது அதிர்ஷ்டம் என்ற வாதத்தில் அன்று கொஞ்சம் நியாயமும் இருந்தது. இயந்திரங்கள் உருவான சிகாகோவிலேயே தடை இருந்ததுதான் வேடிக்கை. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நியூயார்க் நகர மன்றத்தினர் முன் ஆடிக் காட்டினார். பந்தை இந்தப் பாதையில் அனுப்பப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி அனுப்பினார். தடை நீங்கியது.

இன்றைய விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உரிமம், வயது வரம்பு, பரிசு கொடுக்கலாமா என்பதை எல்லாம் உங்கள் உள்ளாட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு போட்டு ஆட வைத்தால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

அமைப்பு மெனுவில் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பந்து, எவ்வளவு புள்ளிக்கு இலவச ஆட்டம், அளவுக்கு மீறிக் குலுக்கினால் ஆட்டத்தை நிறுத்தும் டில்ட்டுக்கு முன் எத்தனை எச்சரிக்கை என்று எல்லாம் மாற்றலாம். காசு கறக்க ஆட்டத்தைக் கடினமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் மூன்று பந்தும் போனால் புதிதாக வந்தவர் திரும்ப வரமாட்டார். மெனுவில் இருக்கும் கணக்குப் பக்கம் சராசரி ஆட்ட நேரம், எந்த இலக்கு எத்தனை முறை அடிபட்டது என்று சொல்லும். ஓர் இலக்கு வாரக்கணக்கில் பூஜ்ஜியம் காட்டினால், ஆடுகிறவர்கள் அடிக்காமல் இல்லை, சுவிட்ச் செத்திருக்கிறது.

பெட்டிக்குள் தொங்கும் டில்ட் ஊசலைச் சரியாக வையுங்கள். லேசாகத் தட்டுவது ஆட்டத்தின் பகுதி, அதை அனுமதிக்க வேண்டும். பழுதான இயந்திரத்தின் காசுத் துளையை உடனே அடைத்து, அறிவிப்பு வையுங்கள். விழுங்கிய காசைச் சண்டை போடாமல் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நோட்டு வைத்து என்ன மாற்றினோம், எப்போது மெழுகு பூசினோம் என்று எழுதுங்கள்.

ஆடாமல் மூடி வைத்தால் பாதுகாப்பாக இருக்குமா?

இருக்காது. சுவிட்ச் பொட்டு கறுக்கும், கிரீஸ் இறுகும், எலி கம்பியைக் கடிக்கும். நெடுநாள் மூட வேண்டியிருந்தால் போர்டு பேட்டரிகளையும் பந்துகளையும் எடுத்துவிட்டு, ஈரமில்லாத அறையில் வையுங்கள். மற்றபடி அடிக்கடி ஓட விடுங்கள், நீங்கள் மட்டும் ஆடாமல் வேறு ஆட்களையும் ஆட விடுங்கள். உங்களுக்குப் பழகிப்போன நாலைந்து அடிகளையே நீங்கள் அடிப்பீர்கள். புதிதாக வருகிறவர் கண்டபடி அடிக்கும்போதுதான், இடது மூலையில் மாதக்கணக்கில் மந்தமாகக் கிடந்த சுவிட்ச் கண்ணில் படும்.